பூச்சி மேலாண்மைய ஜூம் கிளாஸ்ல எப்படி சொல்லிக் குடுக்குறீங்க?

கீரைக்கட்டு_கோவை:
வணக்கம் மக்களே. ஸ்கூல் தோட்டம், முதியோர் இல்லத் தோட்டம் இதெல்லாம் சம்பளம் வாங்காம பாத்துக்குற தன்னார்வலருங்க ஒரு முப்பது பேருக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஜூம்ல ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை (அதாவது முதல்ல செடியக் கவனிச்சு, நல்ல பூச்சிய வாழ விட்டு, மருந்தைக் கடைசியா மட்டும் தொடறது) எடுக்குறேன், நாலு கிளாஸ் முடிஞ்சிருச்சு. எல்லாரும் ஆர்வமாத்தான் கேக்குறாங்க, ஆனா கிளாஸ் முடிஞ்ச அஞ்சாவது நிமிஷம் வாட்ஸப்ல மங்கலா ஒரு போட்டோ வரும், கூடவே "இதுக்கு என்ன அடிக்கலாம்?"னு ஒரு கேள்வி. போன வாரம் ஒரு அக்கா செம்பருத்தியில மாவுப்பூச்சி பெருசு பெருசா ஓடுதுன்னு பழைய டூத் பிரஷ் வச்சு ஒண்ணு விடாம தேச்சு எடுத்துட்டாங்க. போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தா அது கிரிப்டோலீமஸ் பொறிவண்டோட புழு, மாவுப்பூச்சிய திங்கறதே அதுதான். எனக்கு ரெண்டு நாள் மனசே ஆறல. ஸ்லைடுல அந்தப் புழு படம் காமிச்சிருக்கேன், அப்பவும் இப்படி. ஸ்கிரீன் வழியா ஒருத்தருக்கு செடியப் பாக்கக் கத்துக்குடுக்க முடியுமா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

வரப்பு:
தம்பி, ஸ்லைடக் கொஞ்சம் ஓரமா வைங்க. உழவர் வயல்வெளிப் பள்ளி கேள்விப்பட்டிருப்பீங்க, 1989ல இந்தோனேசியாவுல புகையான்ங்கற சாறு உறிஞ்சுற பூச்சிப் பிரச்சனைக்காக நெல் வயல்ல ஆரம்பிச்சது. அங்க வாத்தியார் பாடம் நடத்த மாட்டார். காலையில வயல்ல எறங்கி ஒவ்வொரு நெல் குத்துலயும் எத்தனை பூச்சின்னு எண்ணிட்டு வந்து, பெரிய சார்ட்ல நடுவுல பயிர், ஒரு பக்கம் கெட்ட பூச்சி, இன்னொரு பக்கம் நல்ல பூச்சின்னு விவசாயிங்களே வரையணும், அப்புறம் மருந்து வேணுமா வேண்டாமான்னு அவங்களே பேசி முடிவு பண்ணணும். நான் வேலையில இருந்தப்போ இதை நடத்தியிருக்கேன். கைநாட்டு வைக்கிற பெரியவர் ஒருத்தர் சிலந்திய வரையும்போது காலு எட்டான்னு திரும்பப் போயி எண்ணிட்டு வந்தாரு. ஆன்லைன்லயும் இதுக்கு என்ன தடை? கிளாஸுக்கு முன்னாடி பத்து நிமிஷம் செடிகிட்ட நின்னு ஒரு தாள்ல வரைஞ்சு கேமராவுல காட்டச் சொல்லுங்க, படம் அழகா இருக்கணும்னு அவசியமே இல்ல. வரையறதுக்காக உத்துப் பாத்தவங்க கண்டதையும் நசுக்க மாட்டாங்க.

மல்லிப்பந்தல்_சென்னை:
அந்த அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க ப்ளீஸ், நானும் முதல் வருஷம் அதையேதான் பண்ணேன். ஒரு ஈர்க்குச்சியால லேசா தொட்டுப் பாக்கச் சொல்லுங்க. புழுன்னா விறுவிறுன்னு ஓடும், மாவுப்பூச்சி நகர்ந்தாலும் ரொம்ப மெதுவா நகரும். வளர்ந்த புழு ஒரு சென்டிமீட்டருக்கு மேல இருக்கும், மேல மெழுகு நூல் நூலா நீளமா தொங்கும், மாவுப்பூச்சி பெருசானாலும் மூணு நாலு மில்லிமீட்டர்தான். எங்க குரூப்ல ஒரு ரூல் வச்சிருக்கோம், ஒரே எலையோட அடிப்பக்கத்த மூணு நாள் போட்டோ எடுத்துப் போட்டாதான் பதில், அதுக்குள்ள பாதி பேருக்கு பொறிவண்டு வந்து வேலைய முடிச்சிருக்கும். இலைப்பேன் சந்தேகம்னா எலைக்கு அடியில வெள்ளைப் பேப்பர் பிடிச்சுத் தட்டினா போதும், ஊர்றது தெரியும். எறும்பையும் மறக்காம பாக்கச் சொல்லுங்க, மாவுப்பூச்சி வெளிய விடுற தேன் மாதிரி இனிப்புத் தண்ணிக்காக அதுக்குக் காவல் நிக்கிறதே எறும்புதான், அதை ஏற விடாம பண்ணாலே பாதி பிரச்சனை தீந்துரும்.

பட்டுக்கூடு:
ரெண்டு பேர் சொல்றதும் சரிதான், ஆனா சும்மா பாத்துட்டே இருங்கன்னா புதுசா வர்றவங்களுக்கு பயமா இருக்கும், கைக்கும் ஏதாவது வேலை குடுங்க. கத்தரியில நுனித்தண்டு வாடித் தொங்கினா உள்ள துளைப்பான் புழு இருக்கும், வாடின இடத்துக்குக் கொஞ்சம் கீழ வெட்டி அழிச்சிரலாம். அசுவினிய தண்ணிய வேகமாப் பீச்சியே தள்ளிரலாம், வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை. இதுக்கும் அடங்கலைன்னா மட்டும் வேப்பெண்ணெய், அதுவும் சாயங்காலம்தான், வெயில்ல அடிச்சா வீரியம் போயிரும்.

அப்புறம் நம்ம ஊர்க் கதையச் சொல்லுங்க. 2008ல கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரின்னு எதையும் விடல. எங்கப்பா ரெண்டு ஏக்கர் மல்பெரி வச்சிருந்தாரு, மருந்தடிச்ச எலையப் போட்டா பட்டுப்புழு செத்துரும், அடிக்காட்டி எலையே இல்ல, ராத்திரி ராத்திரி திண்ணையில உக்காந்திருப்பாரு. 2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து அசிரோஃபேகஸ்னு ஒரு குட்டிக் குளவியக் கொண்டாந்து விட்டாங்க, எறும்பை விடச் சின்னது, அதுதான் அடக்குச்சு. இதைக் கேட்டவங்க அடுத்த தடவை ஸ்பிரேயர எடுக்கும்போது ஒரு நிமிஷம் யோசிப்பாங்க.

கீரைக்கட்டு_கோவை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வர்ற ஞாயிறு ஸ்லைடு கிடையாது, தாளும் பென்சிலும்தான். அந்த அக்காகிட்ட பேசினேன், செடியில இன்னும் ரெண்டு புழு மிச்சம் இருக்காம், அதையே லைவா காட்டறேன்னு சொல்லியிருக்காங்க. பட்டுக்கூடு அண்ணா, உங்களால ஒரு பத்து நிமிஷம் ஜூம்ல வந்து அப்பாவோட மல்பெரி பத்திப் பேச முடியுமா?

பட்டுக்கூடு:
அப்பாவையே கூட்டிட்டு வர்றேன். ஆறு மணிக்கு மேல வைங்க, அதுவரைக்கும் தோட்டத்துல இருப்பாரு.