பதில்: ஏட்டுக் கட்டுகளுக்குக் கண்ணாடிப் பெட்டி – பணம் அனுப்பும் முன்

உறவுகளுக்கு வணக்கம்.

ஊரில் நம் வீட்டுப் பரணில் இருக்கிற பனையோலை ஏட்டுக் கட்டுகளை விளக்குப் போட்ட கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் பொருளாளர் அண்ணன் பணம் கேட்டிருக்கிறார். அந்தத் தொகையை நானும் தருகிறேன். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குத் தரமாட்டேன், ஏட்டைச் சுத்தம் செய்து படம் எடுக்கத்தான் தருவேன்.

ஷார்ஜா மச்சான் ஊரிலிருந்து அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஏடெல்லாம் மினுமினுக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறார்கள். அது காயாது, சிக்கேறித் தூசியை இழுக்கும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். அதைப் பெட்டிக்குள் அடைத்து விளக்கும் போட்டால் சூட்டில் ஏடு முறுக்கிக்கொண்டு ஓரம் வெடிக்கும்.

ஏட்டுக் கட்டை நிழலில், காற்றாடும் இடத்தில் பிரிக்க வேண்டும். வெயிலில் காயப்போடவே கூடாது. கயிற்றை அறுக்காமல் முடிச்சை அவிழ்த்து, இருக்கிற வரிசையிலேயே கைபேசியிலாவது படம் எடுத்துவிடுங்கள். இடது ஓரத்தில்தான் ஏட்டெண் இருக்கும். அந்த ஓரம் ஒடிந்த ஏடு வரிசை தப்பினால் பிறகு எங்கே சேர்ப்பது? அடுத்து மெல்லிய தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூசி தட்டுவது. எண்ணெய்ப் பிசுக்கைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு எடுக்கலாம், எழுத்தில்லாத மூலையில் சோதித்த பிறகு. எழுத்தாணிக் கீறல் அழியாது, அதிலுள்ள கரிதான் போகும். விளக்குக் கரியை எலுமிச்சைப்புல் தைலத்தில் குழைத்துத் தடவித் துடைத்தால் எழுத்து மறுபடி தெளியும். அந்தத் தைலம் ஏட்டைத் துவள வைக்கும், பூச்சியையும் அண்டவிடாது. மையால் எழுதிய ஏடு ஏதும் இருந்தால் அதில் ஈரமே படக்கூடாது. ஒட்டிக்கொண்ட ஏடுகளில் கத்தியை விடாதீர்கள், பழகிய கை வரட்டும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம் தம்பி: உள்ளே ஈரம் தங்கும், பிறகு உரிக்கவும் முடியாது.

பெரியப்பா இது பழைய இலக்கியமாக இருக்கும் என்கிறார். படத்தில் தெரிகிற ஏடுகளில் எண் வரிசையும் பின்னக் குறிகளும்தான் இருக்கின்றன. எண்சுவடி. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விடியலில் கூட்டமாய்ச் சொன்ன வாய்ப்பாடு. 320-இல் ஒரு பங்கு முந்திரி. நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால். நிலத்துக்கும் நெல்லுக்கும் வட்டிக்கும் இந்தக் கணக்கு வீட்டில் தினமும் தேவைப்பட்டது. ரூபாய்க்கு 16 அணா இருந்தவரை மாகாணி (16-இல் ஒரு பங்கு) வாய்ப்பாடு தெரிந்தவருக்கு அணாக் கணக்கும் விரல்நுனியில். 1957-இல் நயா பைசா வந்தது, பின்னாலேயே கிலோவும் லிட்டரும் வந்தன. பிள்ளைகள் தசமத்துக்குப் போனார்கள், சுவடி பரணுக்குப் போனது. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட வீடுகள் எத்தனையோ. நம் வீட்டார் விடவில்லை. பெருமை வேண்டுமென்றால் இதைவிட என்ன வேண்டும், பெரியப்பா?

படிக்கவும் ஆள் வேண்டும். ஏட்டில் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு இருக்காது, துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோல இருக்கும். தஞ்சை சரசுவதி மகாலுக்கும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கும் படம் வைத்துக் கடிதம் எழுதுவோம். மூல ஏட்டைக் கொடுப்பதா என்பதைப் பிறகு பேசலாம். அதற்குள் கீழத்தெரு, மேலத்தெரு என்று ஆரம்பிக்காதீர்கள்.

கணக்கு கேட்கும் சிங்கப்பூர்ச் சித்தப்பாவுக்கு: ஏட்டை எண்ணிவிட்டால் கணக்கில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஏட்டுக்கு இரண்டு பக்கம், 120 ஏடென்றால் 240 படம், மேற்பலகைகளுக்குத் தனி. படத்தில் அளவுகோலும் ஏட்டெண்ணும் தெரிய வேண்டும். படம் எடுப்பவருக்குப் படம் எண்ணிப் பணம் கொடுப்போம். தேர்ப் பந்தல் கணக்கை இந்த இழையில் இழுக்க வேண்டாம்.

மிச்சச் செலவு வெளுக்காத பருத்தித் துணி, பலகை, தளர்வாகக் கட்டப் புதுக் கயிறு, துணிக்குள் வைக்க வசம்பு. அவ்வளவுதான். பெட்டிக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா என்று அண்ணன் இன்றே எழுதுங்கள். பரண் வீட்டுச் சாவி இப்போது யாரிடம் என்று சித்தியும் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன் கட்டைப் பிரித்தாக வேண்டும்.