‘கட்டாயச் செபம்’ வேண்டாம், ‘செபக்கடன்’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

கத்தோலிக்கக் குருக்கள் நாள்தோறும் சொல்லவேண்டிய செபக் கடமைக்குக் ‘கட்டாயச் செபம்’ என்று பெயர் வைக்கலாம் என்ற பரிந்துரையைப் பார்த்தேன். சட்டப்படி தவறில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 276-ஆம் விதி குருக்களையும், குருவாகப் போகும் திருத்தொண்டர்களையும் (குருவுக்கு முந்தைய படியில் இருப்பவர்கள்) இதற்குக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் திருத்தொண்டர் பட்டம் பெறும் அன்றே, இதைச் செய்வேன் என்று அவர்கள் எல்லார் முன்னிலையிலும் வாக்குக் கொடுக்கிறார்கள். வாய்திறந்து ஏற்றுக்கொண்ட ஒன்றைக் கட்டாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நாளின் வெவ்வேறு வேளைகளில் செபிக்கும் இந்த வழிபாடு, அதற்கான நூல், அதைச் சொல்லவேண்டிய கடமை மூன்றுக்குமே ‘திருப்புகழ்மாலை’ என்றுதான் எழுதுகிறோம். “சாமி திருப்புகழ்மாலையை விட்டுட்டார்” என்றால் புத்தகத்தை எங்கோ வைத்துவிட்டாரா, செபிக்காமல் விட்டாரா? பழைய ‘கட்டளைச் செபம்’ என்ற பெயரில் கடமை தெரிகிறது. ஆனால் அங்கே கட்டளையிடுபவர்தான் முன்னால் நிற்கிறார், செபிப்பவர் பின்னால் போய்விடுகிறார்.

லத்தீனில் இதன் பெயர் ‘ஒஃபீசியும்’. கடமை, ஆற்றவேண்டிய பணி என்று பொருள். அதற்குத் தமிழில் ‘கடன்’ இருக்கிறதே! காலைக்கடன், நேர்த்திக்கடன், நீத்தார் கடன் என்று நாம் புழங்கும் சொல்தான். ஆகவே கடமைக்கு செபக்கடன்; வழிபாட்டுக்கும் நூலுக்கும் திருப்புகழ்மாலையே இருக்கட்டும்.

கடன் என்றால் வட்டிதான் நினைவுக்கு வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்த வயதான குரு ஒருவர், நோயாளி ஒருவரைப் பார்த்துவிட்டு இரவு பதினொன்றரைக்குத் திரும்பினார். படுக்கச் சொன்னோம். “இன்னும் பாக்கி இருக்கு” என்றார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சிவப்பு நாடா கிடந்த பக்கத்தைத் திறந்து, உதடு மட்டும் அசைய இரவுச் செபத்தைச் சொல்லி முடித்தார். அந்தப் ‘பாக்கி’யில் வட்டிக்கடை வாடை எதுவும் இல்லை. அவர் வாயில் இயல்பாக வந்த சொல்லுக்குப் பக்கத்தில்தான் ‘கடன்’ நிற்கிறது.

அப்புறம், இந்த வழிபாட்டின் ஒவ்வொரு வேளைச் செபத்துக்கும் லத்தீனில் உள்ள ‘ஹோரா’ என்ற பெயரை ‘மணி’ என்று பெயர்ப்பதையும் விட்டுவிடலாம். கடிகார மணி அல்ல அது, பொழுது. ஒவ்வொரு செபத்தையும் இயன்றவரை அதற்குரிய நேரத்தில் சொல்லவேண்டும் என்கிறது அதே சட்டத் தொகுப்பின் 1175-ஆம் விதி. வைகறை, நண்பகல், எற்பாடு (பொழுது சாயும் நேரம்), யாமம் என்று நாளைப் பகுத்த மொழிக்கு இது புதிதா என்ன? காலைப்புகழும் மாலைப்புகழும் இந்த வழிபாட்டின் இரு அச்சுகள் என்று 1963-இல் கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னதும் பொழுதை வைத்துத்தான்.

சரி, சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்ப்போம் (குருவாகாமல் திருத்தொண்டராகவே இருப்பவர்தான் ‘நிலையான திருத்தொண்டர்’; ‘ஆயர் பேரவை’ ஒரு நாட்டு ஆயர்களின் அமைப்பு): “நிலையான திருத்தொண்டர்களின் செபக்கடன் எவ்வளவு என்பதை ஆயர் பேரவை வரையறுக்கும்.” “தகுந்த காரணம் இருந்தால் ஆயர் செபக்கடனிலிருந்து விலக்கு அளிக்கலாம்.” எனக்கு எங்கும் இடறவில்லை. உங்களுக்கு இடறினால், எந்த வாக்கியத்தில் என்று எழுதுங்கள்.