தம்பியின் நுரையீரல்: எங்கள் குடும்பக் குழுவில்

பெரியப்பா, காலை 6:40
போன முறை நுரையீரல் சுருங்கியபோது நெஞ்சில் குழாய் வைத்தே சரியாகிவிட்டதே. இப்போது எதற்கு அறுவை சிகிச்சை? 23 வயதுப் பையனின் நெஞ்சைத் திறக்க வேண்டுமா?

அக்கா, 6:52
பெரியப்பா, நெஞ்சைத் திறக்கப் போவதில்லை. விலா எலும்புகளுக்கு இடையே இரண்டு மூன்று சிறு துளைகள்தான். ஒன்றில் கேமரா போகும், மற்றவற்றில் கருவிகள். போன முறை குழாய், தேங்கிய காற்றை மட்டுமே வெளியேற்றியது. நுரையீரலில் விழுந்த ஓட்டை தானாக மூடிக்கொண்டது, இப்போது மறுபடி காற்று கசிகிறது. அதே பக்கத்தில் இரண்டாம் முறை வந்துவிட்டால் மூன்றாம் முறைக்குக் காத்திருக்கக் கூடாது.

சித்தி, 6:55
அவன் எங்கும் விழவில்லையே, அடிபடவும் இல்லை. ஓட்டை எப்படி விழுந்தது?

அக்கா, 7:03
அடிபட வேண்டியதே இல்லை சித்தி. சிலருக்கு நுரையீரலின் உச்சியில் மெல்லிய காற்றுக் கொப்புளங்கள் இருக்கும். அவனைப் போல் உயரமாக, ஒல்லியாக இருக்கும் இளைஞர்களிடம் இது அதிகம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடைந்துவிடும். கசிந்த காற்று நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே புகுந்து அதைச் சுருக்கிவிடும். சி.டி. ஸ்கேனில் வலது உச்சியில் கொப்புளங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

அத்தை, 7:10
இன்னும் சில நாள் குழாயோடு விட்டுப் பார்க்கலாமே, கண்ணு.

அக்கா, 7:14
குழாயின் மறுமுனை இருக்கும் பாட்டில் தண்ணீரில் குமிழி நிற்கவே இல்லை அத்தை. மூச்சு விடும்போதெல்லாம் வருகிறது. அப்படியென்றால் கசிவு அடைபடவில்லை. குழாய் உள்ளே இருக்க இருக்கத் தொற்று பயமும் கூடும்.

அப்பா, 7:20
அண்ணா, நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். உள்ளே என்ன செய்வார்கள் என்பதை நீயே எல்லோருக்கும் சொல்லிவிடு அம்மா.

அக்கா, 7:31
முழு மயக்கம் கொடுத்து, இடது நுரையீரலை மட்டும் சுவாசிக்க வைப்பார்கள். வலது சுருங்கிக் கிடந்தால்தான் கருவிகளுக்கு இடம் கிடைக்கும். கொப்புளங்கள் உள்ள நுனியை ஸ்டேப்ளர் கருவி தைத்துக்கொண்டே வெட்டி எடுத்துவிடும். அதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். மார்புச் சுவரின் உள்ளுறையை உரசிப் புண்ணாக்குவார்கள். அது ஆறும்போது நுரையீரல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எங்காவது கசிந்தாலும் சுருங்க இடமிருக்காது. இதற்குப் பின் மீண்டும் வருவது 100 பேரில் சுமார் 5 பேருக்குத்தான்.

பெரியப்பா, 7:33
வேண்டுமென்றே புண்ணாக்குவதா!

அக்கா, 7:36
ஆமாம் பெரியப்பா, அந்தப் புண்தான் அவனைக் காக்கப் போகிறது. வலிக்கும், அதை மறைக்க மாட்டேன்.

அப்பா, பிற்பகல் 2:05
முடிந்தது. நுரையீரல் நன்றாக விரிந்துவிட்டதாம். கண் திறந்து என்னைப் பார்த்தான்.

சித்தி, 2:06
கடவுளே, நன்றி. காலையிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தம்பி, மறுநாள் காலை 9:15
உட்கார்ந்திருக்கிறேன். இருமினால் உயிர் போகிறது அக்கா.

அக்கா, 9:18
தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமு. வலி மருந்தைக் கேட்டு வாங்கிக்கொள், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதே. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் சளி தேங்கி நிமோனியா வரும். மூச்சுப் பயிற்சிக் கருவியை விடாதே, குழாயோடேயே மெல்ல நட. சிகரெட் இனி ஒன்றுகூட வேண்டாம். உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி, 9:24
விட்டுவிட்டேன் அக்கா. சத்தியமாக.

பெரியப்பா, 9:30
அடுத்து அவன் விமானத்தில் போக வேண்டியிருக்கிறதே?

அக்கா, 9:34
எக்ஸ்ரேயில் காற்று துளியும் இல்லை என்று பார்த்து, டாக்டர் சம்மதித்த பிறகுதான். உயரே போனால் தங்கியிருக்கும் காற்று விரியும். ஸ்கூபா டைவிங் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

அத்தை, 9:41
இடது பக்கமும் இப்படி ஆகுமா?

அக்கா, 9:45
ஆகலாம் அத்தை. எந்தப் பக்கமானாலும் திடீரென்று நெஞ்சு வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ வாயுப் பிடிப்பு என்று நினைத்துக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.

தம்பி, 9:52
அறையில் உடன் தங்கும் நண்பனிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அப்பாவின் எண்ணும் அவனிடம் இருக்கிறது.