டெஸ்ட்ல 0.97, புது டேட்டால புஸ்ஸு: ஆத்துத் தண்ணி மாடல்ல எங்க தப்பு?

மீன்கொத்தி:
வணக்கம் மக்களே. ஆத்துல ஒரே ஸ்டேஷனோட ரெண்டு வருஷ டேட்டா வச்சிருக்கேன், மணிக்கு ஒரு ரீடிங், பிஎச், டெம்பரேச்சர், கண்டக்டிவிட்டி (தண்ணி மின்சாரம் கடத்தற அளவு), கலங்கல், கரைஞ்ச ஆக்சிஜன். 24 மணி நேரம் கழிச்சு ஆக்சிஜன் எவ்ளோ இருக்கும்னு ரேண்டம் ஃபாரஸ்ட் (நெறைய முடிவு மரங்களச் சேத்துக் கணிக்கற மாடல்) போட்டேன், டெஸ்ட்ல ஆர் ஸ்கொயர் (கணிப்பு எவ்ளோ பொருந்துதுங்கற ஸ்கோர், 1 வந்தா கச்சிதம்) 0.97. போன மாசம் வந்த புது டேட்டால ஓட்டினா கண்டபடி தப்பு. எங்க கோட்டை விட்டேன்?

கரையோரம்:
டேட்டாவ குலுக்கிப் போட்டு 80-20ன்னு பிரிச்சீங்களா ப்ரோ? அப்டின்னா அதான் காரணம். காலைல 10 மணி ரீடிங் ட்ரெயின்ல (மாடல் படிக்கற பங்கு), 11 மணி ரீடிங் டெஸ்ட்ல (அதைச் சோதிக்கற பங்கு), ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான, மாடல் பக்கத்து வரிசையப் பாத்து எழுதிருச்சு. தேதி வாரியா வெட்டுங்க, முதல் ஒன்றரை வருஷம் ட்ரெயின், கடைசி ஆறு மாசம் டெஸ்ட். அப்றம் 'இப்ப இருக்கதே நாளைக்கு இதே நேரமும்'னு வச்சு ஒரு ஸ்கோர் எடுங்க. அதைத் தாண்டலன்னா எல்எஸ்டிஎம் (நேர வரிசை டேட்டாவுக்கான நியூரல் நெட்வொர்க்) போட்டும் பிரயோஜனமில்ல.

லேப்வாசி:
கரையோரம் சொல்றது சரி, ஆனா சென்சாரையும் பாருங்க. நான் ஒருதடவ மூணு வாரம் தண்ணிக்குள்ளயே கெடந்த ப்ரோப தூக்கினா நுனி பூரா வழவழன்னு பாசி, தொடச்சு வச்சதும் ஆக்சிஜன் ரீடிங் 4.6ல இருந்து 6.9க்கு ஏறிருச்சு. அந்த மூணு வார சரிவை மாடல் நெசம்னு படிச்சா பாவம் அது என்ன பண்ணும். க்ளீன் பண்ண தேதிய கேட்டு வாங்கி சரி பண்ணுங்க.
ஆக்சிஜன் பகல்ல பாசியோட ஒளிச்சேர்க்கைல ஏறும், விடியக்காலைல அடில கெடக்கும், அதனால எத்தன மணிங்கறதும் உள்ள போகணும். நல்ல தண்ணில 20 டிகிரில லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் வரைக்கும் கரையும், 30 டிகிரில 7.5தான், சும்மா வெயில் ஏறினாலே கொறையும். முக்கியமா மழை டேட்டா சேருங்க. ரொம்ப நாள் காஞ்சு கெடந்து பெய்யற முதல் மழைல அழுக்கெல்லாம் அடிச்சிட்டு வந்து ஆக்சிஜன் பொத்துனு விழும், மீன் சாகறது அப்பதான். அந்த நாட்களுக்கு மட்டும் எர்ரர தனியா எடுங்க, சராசரி ஸ்கோர்ல அது மறைஞ்சே போயிடும்.

மீன்கொத்தி:
குலுக்கித்தான் பிரிச்சிருந்தேன். தேதி வாரியா வெட்டினதும் 0.62, மாடலே இல்லாம இன்னிக்கு ரீடிங்க அப்படியே வச்சா 0.66! மனசு கஷ்டமாதான் இருக்கு. க்ளீனிங் நோட்டு கேட்டிருக்கேன், மேலாத்து மழை அளவும் கெடைக்கும் போல, சேத்துட்டு மழை நாள் எர்ரரோட வரேன்.