லோகோ ரெண்டாவது வெர்ஷன், பாத்து சொல்லுங்க

போன வாரம் நீங்க சொன்னபடி கேமரா படத்தை மொத்தமா தூக்கிட்டேன். இப்ப என் பேரோட முதல் எழுத்து 'க' மட்டும்தான், அதோட இடது பக்க கட்டத்துக்குள்ள ஆறு பிளேடு அபர்ச்சர் (லென்ஸுக்குள்ள வெளிச்சம் வர்ற ஓட்டை), கீழ பேரு. மதுரையில கல்யாண ஷூட் பண்றேன், ஆல்பம் அட்டை, இன்ஸ்டா டிபி, வாட்டர்மார்க் எல்லாத்துக்கும் இதே ஒண்ணுதான் வேணும். இன்னும் என்ன மாத்தணும்?

பதில் 1
முன்னதை விட நூறு மடங்கு பரவாயில்ல ப்ரோ. ஆனா டிபி சைஸுக்கு சுருக்கிப் பாத்தேன், அந்த ஆறு பிளேடும் ஒண்ணா ஒட்டி கறுப்புப் பொட்டு மாதிரி ஆயிடுது. பிளேடு வேணாம், நடுவுல வெறும் அறுகோண ஓட்டை மட்டும் விடுங்க, அபர்ச்சர்னு அதுவே சொல்லிடும். இன்ஸ்டா வட்டமா வெட்டும், அதனால டிபிக்கு கீழ இருக்கற பேரையும் எடுத்துட்டு 'க' மட்டும் வைங்க.

பதில் 2
கலரை விட்டுட்டு முதல்ல கறுப்பு வெள்ளையில நிக்குதான்னு பாருங்க தம்பி. வாட்டர்மார்க் வெள்ளைப் பட்டு வேட்டி மேலயும் விழும், இருட்டு மண்டபத்து மேலயும் விழும், இந்த தங்கக் கலர் ரெண்டுலயும் எடுபடாது. பேருக்கு போட்ட ஃபான்ட் ரொம்ப மெலிசு, கூகுள் ஃபான்ட்ஸ்ல கட்டமரான் இலவசம், அதுல போல்டு போட்டுப் பாருங்க. இங்க்ஸ்கேப்ங்கற டிராயிங் சாஃப்ட்வேர்ல 'ஆப்ஜெக்ட் டு பாத்' குடுத்து எழுத்தை வெறும் வடிவமா மாத்தி எஸ்விஜி ஃபைலா சேவ் பண்ணுங்க, இல்லன்னா பிரஸ்ல அந்த ஃபான்ட் இல்லாம எழுத்து உடைஞ்சிடும், எனக்கு ஒரு ஆல்பமே அப்படி வீணாச்சு.

கேட்டவர்
அறுகோணம் போட்டுப் பாத்தேன், சின்ன சைஸ்லயும் பளிச்னு தெரியுது! ரொம்ப நன்றிண்ணா. பட்டு வேட்டி விஷயம் எனக்கு தோணவே இல்ல, இன்னிக்கு ராத்திரி ரெண்டு போட்டோ மேல வச்சுப் பாத்துட்டு போடறேன்.