புதுப்பிப்பு: நுண்கணிதத்துக்குச் செலவில்லாத நூல் கிடைத்தது

தருமபுரியில் முதலாண்டு மாணவர்களுக்கு இலவச நுண்கணித நூல் கேட்டிருந்தேன். பலர் பரிந்துரைத்த ரைஸ் பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடநூல் திட்டமான ஓப்பன்ஸ்டாக்ஸின் நூலையே எடுத்துக்கொண்டேன். விளக்கம் தெளிவு, பயிற்சிக் கணக்குகள் தாராளம். அடியும் மைலும்தான் உறுத்தல். மீட்டருக்கு மாற்றி, நீர்மட்டக் கணக்கில் கிருஷ்ணகிரி அணையைக் கொண்டுவந்துவிட்டேன்.

நூலை இப்படி மாற்றலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக. இந்நூலின் கிரியேட்டிவ் காமன்ஸ் (பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் பொது உரிமம்) உரிமப்படி மூலத்தைக் குறிப்பிட்டு, வணிக நோக்கமின்றி, அதே உரிமத்தில் திருத்தலாம், மொழிபெயர்க்கலாம். அவர்களின் இயற்பியல் நூலுக்கு வணிகத் தடைகூட இல்லை. ஆகவே ஒவ்வொரு நூலுக்கும் உரிமப் பக்கத்தைத் தனியாகப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதெல்லாம் திருத்திப் பகிர அனுமதிக்கும் திறந்த உரிமம் கொண்டதாகிவிடாது.

இந்நூலை வைத்து எழுதும் என் தமிழ்க் குறிப்புகளைத் திருத்தக்கூடிய கோப்பாகவே தருகிறேன். வெறும் பிடிஎஃப் கொடுத்தால் அடுத்த ஆசிரியர் எதைத் திருத்துவார்?