கலைச்சொல்: பீர் ‘கண்டிஷனிங்’ – ‘தேறுகை’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கை மகன் வீட்டில் பீர் காய்ச்சுகிறான். அங்கே 1963 முதல் அதற்கு உரிமம் வாங்க வேண்டியதில்லை. நம்மூரில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இடம் தராது. சீக்கிரம் குடிக்கத் தயாராகும் பீருக்கு அவன் எழுதிய செய்முறையைத் தமிழாக்கப் போய், ‘கண்டிஷனிங்’ என்ற ஒரு சொல்லில் நான்கு நாளாக நின்றுவிட்டேன். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இங்கே கேட்டிருந்தேன்; நீங்கள் எழுதிய பதில்கள் எல்லாவற்றையும் படித்தேன். என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் பொருள். மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) வடிநீரில் ஈஸ்டைச் சேர்த்தால், மூன்று முதல் ஐந்து நாளில் சர்க்கரை பெரும்பாலும் தீர்ந்துவிடும். நொதிப்பு முடிந்தது, ஆனால் வாயில் வைக்க முடியாது. அசிட்டால்டிஹைடு என்ற வேதிப்பொருளால் காய் ஆப்பிள் வாசமும், டைஅசிட்டைல் என்ற இன்னொன்றால் வெண்ணெய் வாசமும் தூக்கும். அவற்றை உண்டாக்கிய அதே ஈஸ்ட்தான் திரும்ப உள்ளிழுத்து மாற்றிவிடவும் வேண்டும். அப்புறம் அது திரண்டு அடியில் மண்டியாக இறங்கும். இந்த இடைக்காலத்துக்குத்தான் பெயர் கேட்கிறேன். அதற்கு முந்திய பீரைப் ‘பச்சை’ என்றே எழுதலாம். ‘பச்சை வாசனை போகும்வரை வதக்கு’ என்று அடுப்படியில் சொல்வது இதைத்தானே.

‘பதப்படுத்தல்’ என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது பொருந்தவில்லை. ஊறுகாயைப் பதப்படுத்துகிறோம், மீனைப் பதப்படுத்துகிறோம். எல்லாம் நுண்ணுயிரை அடக்கி வைக்கிற வேலை. பதநீரையே பாருங்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது நொதிக்காமல் இருக்கத்தான், தடவாவிட்டால் கள். இங்கேயோ ஈஸ்ட் உயிரோடு இருந்தால்தான் காரியம் நடக்கும். நேர் எதிர்ப் பொருள் தரும் சொல்லை எப்படி வைப்பது?

‘ஊறல்’ நல்ல சொல்தான். ஆனால் உசிலம்பட்டிப் பக்கம் யாரிடம் சொன்னாலும் போலீஸ் அழித்த சாராய ஊறல்தான் நினைவுக்கு வரும். அதுவும் நொதிப்புக்கு உரியது, நொதிப்புக்குப் பிந்தியதற்கு அல்ல. ‘முதிர்ச்சி’யை லாகருக்கு விட்டுவிடலாம். ஜெர்மன் மொழியில் அந்தப் பெயரே சேமித்து வைப்பதைக் குறிக்கிறது. குளிரில் வாரக்கணக்காகக் கிடக்கும் பீர் அது. பத்து நாளில் கோப்பைக்கு வருவதை முதிர்ந்தது என்றால் மனம் ஒப்பவில்லை.

நான் சொல்ல வருவது ‘தேறுகை’. காய்ச்சலில் கிடந்த பிள்ளை தேறிவிட்டது என்கிறோம், பரீட்சையில் தேறினான் என்கிறோம். குறையோடு இருந்த ஒன்று தானாகச் சரியாகி நிற்பது. பச்சை பீருக்கு நடப்பது அப்படியே அதுதான். இன்னொரு பக்கம், சங்கப் பாட்டில் தெளிந்த மதுவுக்குப் பெயரே ‘தேறல்’. இரண்டாயிரம் ஆண்டாக இந்தப் பொருளோடு ஒட்டிக் கிடக்கிற வேர்ச்சொல் கையில் இருக்கும்போது வேறு எங்கே போய்த் தேட வேண்டும்?

‘தேறல் என்றால் தெளிவு, கோதுமை பீரைக் கலங்கலாகவே குடிக்கிறார்களே’ என்று சிங்கை நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். கண்ணுக்குத் தெரியும் தெளிவைத் ‘தெளிதல்’ என்றே பிரித்து வைத்துவிடலாம். கோதுமை பீர் தெளியாது, ஆனால் தேறும். ‘தேற்றம்’ வேண்டாம், கணக்குப் பாடம் அதை எடுத்துக்கொண்டது. ‘தேறுதல்’ என்றால் ஆறுதலோடு சேர்ந்துகொள்ளும். அதனால்தான் ‘-கை’.

சீக்கிரம் தயாராகும் வகைக்கு ‘விரைதேறல்’ என்று வைத்திருக்கிறேன். நாங்கள் ‘வெரசா வா’ என்பதில் உள்ள அதே விரைவு. இதில் தொடக்க அடர்த்தி (நொதிப்புக்கு முன் வடிநீரின் அடர்த்தி, தண்ணீர் 1 என்று வைத்து) 1.040க்கு மேல் போகாது, ஆல்கஹாலும் 4 சதவீதத்தை ஒட்டியே நிற்கும்; ஈஸ்ட் தாராளமாக வேண்டும். ஏல் என்ற, லாகர் போலக் குளிர் கேட்காத பீர் வகையின் வழக்கமான ஈஸ்டுக்கு 20 டிகிரி சுற்றி இருந்தால் நல்லது. நார்வே பண்ணை வீடுகளில் வழிவழியாக வைத்திருந்த க்வைக் ஈஸ்ட் மட்டும் 35 டிகிரிக்கு மேலும் கெட்ட வாசம் இல்லாமல் வேகமாக வேலை செய்கிறது. சித்திரை மாத மதுரையின் சூடு அது!

குறிப்பின் கடைசி வரியை இப்படி எழுதியிருக்கிறேன்: ‘நொதிப்பு 4 நாள், தேறுகை 6 நாள். பச்சை வாசம் போனதா என்று முகர்ந்து பார்த்த பிறகே புட்டியில் அடைக்கவும்.’ படிக்கும்போது எங்காவது இடறினால் சொல்லுங்கள், மாற்றுகிறேன். ஈஸ்டுக்கு இலங்கைப் பாடநூல்களில் உள்ள ‘மதுவம்’ என்ற சொல்லையே எடுக்கலாமே என்று யாழ்ப்பாணத்து அம்மா கேட்டிருந்தார். எனக்கும் அதில் ஆசை உண்டு. அதைத் தனி மடலாகத் தொடங்குகிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து